அலுமாரிக்குள் இருந்த வரைபடம்

அப்போது நான் கிளிநொச்சியில் காணி அலுவல்களைப் பார்க்கும் கந்தோரில் எழுதுவினைஞன். வட்டக்கச்சியில் ஒரு விதவையின் வயற்காணி பற்றிய விசாரணை பத்து மணிக்குத் தொடங்க இருந்தது. காணியின் ஒரேயொரு வரைபடத்தைக் காணவில்லை. நீர்ப்பாசனக் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன் என்று நான் அடித்துச் சொன்னேன். அங்கிருந்து எழுதுவினைஞர் சலீமைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“படம் வராட்டி உம்மடை மேலிடத்துக்கு எழுதுவன். வேலை போகும்,” என்று எங்கள் அதிகாரி அவர்மேல் பாய்ந்தார்.

“என்ரை கைக்கு வரேல்லை ஐயா. வந்திருந்தா கையெழுத்து வைச்சிருப்பன்.” என்றார் சலீம்.

படங்களைப் பெறுபவர்கள் கையெழுத்து வைக்கும் புத்தகத்தை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். பழைய கோவைக் கட்டுகளுக்கு அடியில் வரைபடம் சுருண்டு கிடந்தது. சட்டென்று கதவைச் சாத்தினேன். வெளியே வாங்குப் பலகையில் அந்த விதவை அம்மா காத்திருந்தார். சலீமின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

“என்ன, புத்தகம் இல்லையோ?” என்றார் அதிகாரி.

மறுபடி கதவைத் திறந்தேன்.

“படம் இஞ்சை கிடக்கு ஐயா. நான்தான் அனுப்பேல்லை.”

அன்று அந்த அம்மாவுக்குக் காணி கிடைத்தது. எனக்கு இடமாற்றம் வந்தது. பயணம் சொல்லப் போனபோது சலீம் என் கையைப் பிடித்தார்.

“கண்ட உடனை சொன்னீங்கள். வேறை ஆரும் எண்டால் மறைச்சிருப்பினம்.”

நான் தலையசைத்தேன். படத்தைக் கண்டதும் முதலில் கதவைச் சாத்தியதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.