ஓரத்தில் நிற்க மாட்டேன்

சனிக்கிழமை காலையில், அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கொரியா நாட்டுக்காரர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நான் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருப்பேன். ஐம்பத்தொரு வயதில் இது தேவையா என்று கேட்டவர்களுக்கு, தேவைதான் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கொரியாக்காரர்தான் என் பாட்டு வாத்தியார், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஓபரா என்னும் இசை நாடகத்தில் டெனர், அதாவது ஆண்களில் உச்சக்குரல். ஜெர்மனி மேடைகளில் பத்து வருடம் பாடிவிட்டு இங்கே வந்தவர். வாஷிங் மெஷின் பக்கத்தில் பியானோ, சியோல் மாணவர்களுக்கு வீடியோவில் பாடம், கூப்பிட்ட ஊருக்குப் பெட்டியோடு ஓட்டம்.

போன ஏப்ரலில் என் பாடத்தின் நடுவே டெக்சாஸிலிருந்து ஃபோன் வந்தது. இரண்டு வருடமாக அவர் வாய்ப்புக் கேட்டுக்கொண்டிருந்த நாடகக் கம்பெனி. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, மறுநாள் காட்சி. ஆனால் ஒரு நிபந்தனை. இவர் மேடை ஓரத்தில் நின்று பாட வேண்டும், அந்தக் கதாநாயகன் நடுவில் நின்று வாயசைப்பார்.

நான் குஷியாகிவிட்டேன். "எங்கள் ஊரில் இது சர்வ சாதாரணம். சினிமாவில் ஹீரோ வாயசைப்பார், பாடுவது வேறு ஆள். நானே தமிழ்ச் சங்க விழாவில் வருஷா வருஷம் திரைக்குப் பின்னால் பாடுகிறேன், முன்னால் சின்னப் பெண்கள் வாயசைக்கிறார்கள்," என்றேன் பெருமையாக.

"எங்கே நிற்க விருப்பம் என்று உங்களைக் கேட்டார்களா?" என்றார்.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை.

"நானும் ஓரத்தில் நின்றிருக்கிறேன். அந்த நாடகங்களில் எங்கே நடக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதனால் சரி. ஆனால் இந்த வேஷத்தை ஜெர்மனியில் இதே மேடை அமைப்பில் நடித்திருக்கிறேன். அது அவர்களுக்கும் தெரியும். குரல் வேண்டுமாம், இந்த முகம் வேண்டாமாம்."

அவர்களை அழைத்து, நடுவில் நிற்பேன், இல்லையென்றால் வரவில்லை என்று சொன்னார். பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாரே மனிதர் என்றிருந்தது எனக்கு.

அவரோ என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பேஸ்மென்ட்டின் நடுவில் நின்று அந்தக் கதாநாயகனின் பாட்டைப் பாட ஆரம்பித்தார். நடந்தார், மண்டியிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது, மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. அழகான முகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குரலுக்கு வேறு முகம் பொருந்தாது. ஆயுள் முழுக்கக் குரலை ஒரு பக்கமும் முகத்தை இன்னொரு பக்கமும் வைத்துக் கேட்டவள் நான். உடம்பு சிலிர்த்துப்போனது.

பியானோ மேல் ஃபோன் அடித்தது. பதறி எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசி வரி வரை பாடினார். தண்ணீர் குடித்தார், பிறகுதான் திருப்பி அழைத்தார். ஓரத்தில் நிற்க வேறொருவர் ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

"நல்ல பாடகர்தான் அவர்," என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வாருங்கள், உங்கள் பாடம் பாதியில் நிற்கிறது," என்று பியானோவைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ச் சங்கக் கலைநிகழ்ச்சிச் செயலாளரை அழைத்தேன்.

"தம்பி, இந்தத் தடவ நான் முன்னாடிதான் நிப்பேன்."

"ஐயோ ஆன்ட்டி, ப்ரோக்ராம் ஃபைனலைஸ் பண்ணியாச்சு. பொண்ணுங்க காஸ்ட்யூம்லாம் வாங்கிட்டாங்க. நீங்க எப்பவும் போல பேக்ஸ்டேஜ்லயே..."

"பொண்ணுங்க நல்லா ஆடட்டும்ப்பா. வாய மட்டும் மூடிக்கிட்டு ஆடட்டும். பாடுறது நானு, நடுவுல நின்னுதான் பாடுவேன். இல்லன்னா வேற ஆளப் பாரு."

"கமிட்டிகிட்ட கேட்டுட்டு கால் பண்றேன் ஆன்ட்டி."

"பண்ணு. ஆனா நான் பாடிக்கிட்டிருந்தா எடுக்க மாட்டேன். முடிச்சுட்டுத்தான் எடுப்பேன்."