வலிக்காத கட்டி

வலது தொடையின் உள்பக்கம் அந்தக் கட்டி முதலில் நெல்லிக்காய் அளவே இருந்தது. வலிக்கவில்லை. வலிக்காததால் நானும் பயப்படவில்லை. சேலத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எதுவும் எடுக்காமல், மரத்துப்போக ஊசி போட்டு, "வெறும் கொழுப்புக் கட்டி" என்று தோண்டி எடுத்தார்கள். நான்கு தையல். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மலைமேல் எங்கள் ஊரான தலைச்சோலைக்குத் திரும்புகையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிம்மதியாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

தோட்டத்தில் காப்பி காய் பிடித்த சமயம், தழும்புக்கு அடியில் அது மறுபடியும் வந்தது. இப்போது எலுமிச்சை அளவு. விரலால் தள்ளினால் நகரவில்லை.

மனைவி தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, காப்பித் தண்டுல புழு உழுந்தா செடிய வேரோட புடுங்கி நெருப்புல போடோணும்னு ஆளுங்கள வெரட்டுவீங்க. உங்க தொடைன்னதும் மேலாப்புல கிள்ளிட்டு வந்துட்டீங்களாக்கும்?"

"நான் என்ன செடியா?"

"செடின்னாப் பரவால்லீங்க. வேற ஒண்ணு நட்டுக்கலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். தசையிலும் கொழுப்பிலும் அபூர்வமாக வரும் புற்றுநோய் என்றார் டாக்டர்.

"எத்தனை வருஷம் இருப்பனுங்க?"

"நம்பர் சொல்ல மாட்டேன் ஐயா. பல விஷயம் இருக்கு."

சொன்னார். கட்டியின் அளவு, அது இருக்கும் ஆழம், செல்கள் பெருகும் வேகம், என் வயது, முதலில் அரைகுறையாகத் தோண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினேன். ஐந்து விரலும் மடங்கிவிட்டது. ஒன்றுகூட எனக்குச் சாதகமாக இல்லை.

"சுத்தியிருக்கிற நல்ல சதையோட சேர்த்து முழுசா எடுத்துட்டா, அது பெரிய நம்பிக்கை. நுரையீரலுக்குப் போகாம இருக்கணும்."

முழுதாக எடுத்தார்கள். வெட்டி எடுத்த சதையின் ஓரங்கள் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. காலை இழுத்துக்கொண்டாவது நடந்தேன். நுரையீரலும் அப்போது சுத்தமாகத்தான் இருந்தது.

போன வாரம் எடுத்த ஸ்கேனில் ஒரு புள்ளி.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுதாம்மா. சாதாரணத் தொற்றாக்கூட இருக்கலாம். வளருதான்னு அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம்."

அதுவரை காத்திருக்க வேண்டும். நேற்று ஆறு முறை இருமினேன். ஆறு தடவைதானே, மழைக் குளிருக்கு இருமல் வராதா என்று அவளிடம் கேட்டேன்.

"ஏழுங்க," என்றாள்.