அம்மன் படத்துக்குப் பின்னால் ஒரு காளான்

ராஜரத்தினம் அண்ணனிடம் காளானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். மஹய்யாவையில் இருந்து பஸ் பிடித்து வந்து, எங்கள் உலர்தாவரக் காப்பகத்தின் அலுமாரிகளைப் பார்த்துக்கொள்பவர். நான் அங்கே பெயர்ச்சீட்டு எழுதுகிறவள். செடிகளை ஒட்டிய தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அண்ணன் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடைசி அலுமாரியில், காகித உறைகளுக்குள், நூறு வருடத்துக்கு மேலாகக் காய்ந்து கிடக்கும் காளான்கள்தான் அவருடைய சொந்தபந்தம்.

அதிலும் ஒன்றுக்குத் தனி மரியாதை. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தெல்தோட்டையில் பறித்தது. அந்த வகையில் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அண்ணனும் தெல்தோட்டையில் பிறந்தவர் என்பதால் அதைப் "பெரியவர்" என்றே சொல்வார். பார்ப்பதற்குப் பெரியவர் காய்ந்த இஞ்சித் துண்டு மாதிரி இருப்பார். அதை வாய்விட்டுச் சொன்னதற்காக அண்ணன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

பூச்சி வரும் என்று காப்பகத்துக்குள் பிஸ்கட் துண்டைக்கூட விடமாட்டார். என் கைப்பையையே திறந்து பார்த்த மனிதர்.

தை மாதம் பல்கலைக்கழகத்தில் இருந்து ஷஹ்மா என்ற ஆய்வு மாணவி வந்தாள். மரபணுச் சோதனைக்குப் பெரியவரில் ஒரு துண்டு வேண்டும் என்றாள். மேலதிகாரியின் அனுமதியும் வாங்கியிருந்தாள்.

"அரிசியளவு போதும், அங்கிள்."

"அத என்ன செய்வீங்க மிஸ்?"

"அரைச்சுத்தான் பார்க்கணும்."

அரைப்பது என்று கேட்டதும் அண்ணனின் முகம் செத்துவிட்டது. தேடி எடுத்து வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை அவள் வந்தபோது உறையைக் காணவில்லை என்றார். காப்பகமே தேடியது. எல்லோரையும்விட வேர்த்து விறுவிறுத்துத் தேடியவர் அவர்தான். நடிப்பில் ஒரு குறையும் இல்லை.

உறை இருந்தது சாமான் அறையில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அதே படத்துக்கு முன்னால் கடலையும் சர்க்கரையும் படைப்பவரும் அவரேதான். பிஸ்கட்டுக்குப் பயந்த மனிதருக்குப் பிரசாதத்துக்கும் பூச்சி வரும் என்று தோன்றவே இல்லை. சாமிக்கு வைப்பதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குப் படத்தைத் துடைக்கப் போனவர் உறையையும் எடுத்தார். உறை முழுக்கப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை. உள்ளே காப்பித்தூள் மாதிரிப் பொடியும், சின்னச் சின்ன வண்டுகளும், காம்பின் அடித்துண்டும் மட்டுமே இருந்தன.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கேலி செய்ய என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஷஹ்மாவுக்கு அவரே போன் பண்ணினார். வந்தவளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியும் போனது. காம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"இது நல்லாத்தான் ஈக்கிது, அங்கிள். ஓரமா கொஞ்சம் வெட்டி எடுக்கிறேன். மிச்சத்த நீங்களே வைங்க."

அண்ணன் உறையை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"முழுசாவே எடுத்துக்குங்க மிஸ். எங்கிட்ட இருந்தா இதுவும் மிஞ்சாது."