மஞ்சள் அடித்த செங்கல்

என் இந்தியில் ஓர் எழுத்து பிசகியதற்கு ஒரு கட்டடத்தையே நாசமாக்கினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வாரம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த கைக்கு ஞாயிற்றுக்கிழமை வாட்டர் கலர்தான் ஆறுதல். ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் பின்னால், எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமான வேலிக்குள், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. கைதிகள் அறுத்துச் சுட்ட கல். சில கற்களில் அவர்கள் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அந்தச் சுவரைச் சிவப்பு என்று சொல்பவன் அதைப் பார்த்ததே இல்லை. பாசிப் பச்சை, மழைக் கறுப்பு, கத்தரிப்பூ நிறம், நடுநடுவே உப்புப் பூத்த வெள்ளை. அந்த வெள்ளைக்கு வண்ணம் கிடையாது. காகிதத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

மழை மாதங்களில் அந்த ஊரில் காகிதம் காயாது. மழை விட்டதும் வேலிக்கு வெளியே உட்கார்ந்து இடது பாதியை முடித்தேன். விரல் தடங்கள் இருந்த வலது பாதியை வரைய வேலிக்குள்ளே போக வேண்டும். அடுத்த மாதம் எனக்கு நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் என்ற ஊருக்கு மாற்றல். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எங்கள் அதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்த வடநாட்டுக்காரர். அவரிடம் என் கடைத்தெரு இந்தியில் சொன்னேன்: "சாப், புரானா மகான்கோ வாட்டர் கலர் கர்னா ஹை." பழைய கட்டடத்தை வரையணும் என்று தமிழில் நினைத்து 'கோ' போட்டுவிட்டேன். 'கா' என்று சொல்லியிருக்க வேண்டும். 'கோ' என்றால் கட்டடத்துக்கே கலர் அடிக்கணும் என்று அர்த்தமாம்.

"அச்சா, ஹோ ஜாயேகா" என்றார், சரி, ஆகிவிடும் என்று. கேட் சாவி கிடைத்துவிடும் என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால் கேட் திறந்து கிடக்கிறது. சுவர் முழுக்க மஞ்சள் சுண்ணாம்பு. விரல் பள்ளங்களை எல்லாம் சுண்ணாம்பை நன்றாகக் குழைத்து அடைத்திருந்தார்கள். ராமநாதபுரத்து மேஸ்திரி வாளியோடு நின்றார்.

"நீங்க கேட்டீங்கன்னுதான் சார் சாப் ஆர்டர் போட்டாரு. என்ன கலருன்னு சொல்லல. ஸ்டோர்ல மஞ்சதான் இருந்துச்சு."

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? பழைய கல் என்றால் அழுக்கு, அழுக்கை மறைத்தால் வேலை முடிந்தது, அவ்வளவுதான் அவர்களுக்கு. மறுநாள் பாதிப் படத்தை அதிகாரியின் மேஜையில் போட்டு, நான் கேட்டது இதைத்தான் என்றேன். அவர் ரசித்துப் பார்த்தார். காலியாக இருந்த வலது பாதியைத் தட்டிக் காட்டினார்.

"யஹான் பீலா லகா தோ. பூரா ஹோ ஜாயேகா."

இங்கே மஞ்சளை அடித்துவிடு, முழுசாகிவிடும் என்கிறார். படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இன்றும் என் வீட்டுச் சுவரில் பாதியாகத்தான் தொங்குகிறது. வருகிறவர்கள், ஏன் முடிக்காமல் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள்.

"அவங்க முடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.