குரல் தாழ்ந்த மாதங்கள்

கம்பெனியிலிருந்து என்னை நீக்கியதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் வீட்டில் இந்தக் கதை பேசப்படும்போது அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் இரும்புத் தகட்டில் பீப்பாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் வரிசையாக நின்று தகட்டை அடித்து வளைக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமென்றால் அவன் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த இரைச்சல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருடம் அப்படிப் போயிற்று. அங்கே வேலை செய்த எல்லோருமே வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். “நீ சோறு கேட்டா கோயிலாண்ட கீறவனுக்கும் உனுக்குப் பசின்னு தெரியும்” என்று என் மனைவி சொல்வாள்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். நான், மனைவி, ஒரே மகள். மகளுக்கு அப்போது ஆறு வயது. கோயிலை ஒட்டிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நான் ஷிப்டுக்குப் போய் வருவதில் அவளைப் பார்ப்பதே கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்திலும் மனைவி புகார் சொல்லிக்கொண்டிருப்பாள்.

“நான் கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்லய்யா. கல்லு மாரி குந்திகினு கீறா. நீயே கேளு.”

நான் வாசலிலிருந்தே ஒரு சத்தம் போடுவேன். மகள் சட்டென்று எழுந்து ஓடி வந்து என் முன்னால் நிற்பாள்.

“பாத்தியா? அப்பன்னா பயம் கீது. நீ செல்லம் குட்த்து வெச்சிக்கிற” என்பேன் மனைவியிடம். அதில் எனக்கு ஒரு பெருமை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், என் ஒரு குரலுக்குப் பிள்ளை அடங்கிவிடுவாள் என்று.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். கடைக்குப் போன இடத்தில் மகள் முன்னால் ஓடியிருக்கிறாள். லாரி வருகிறது, நில்லு நில்லு என்று இவள் கத்தியும் கேட்காமல் சாலையில் இறங்கிவிட்டாள். லாரிக்காரன் பிரேக் போட்டு, இறங்கி வந்து, மனைவியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனானாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மகளின் பள்ளிக்கூடப் பையில் இருந்த மர ஸ்கேலை எடுத்து முழங்காலுக்குக் கீழே அடித்தேன். “அம்மா சொன்னா கேக்க மாட்டியா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தேன்.

அவள் அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா இன்னா சொல்ச்சு நைனா?”

திமிர் என்று நினைத்தேன். அதற்கும் கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

வேலை போனது இதற்குச் சில மாதங்கள் கழித்து. தொழிற்சாலை வாசலில் நேரம் பதிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு அட்டை. வரும்போதும் போகும்போதும் அதைக் கடிகாரத்துக்குள் செருகி அழுத்த வேண்டும். என்னோடு வேலை செய்த ஒருவன் சீக்கிரம் நழுவும் நாட்களில் அவன் அட்டையை நான் அழுத்துவேன். நான் நழுவும் நாட்களில் அவன் எனக்காக அழுத்துவான். அவசர வேலைக்காக நழுவியதில்லை, பெரும்பாலும் மேட்னி பார்க்கத்தான். ஒரு நாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். விசாரணையில் இல்லவே இல்லை என்று சாதித்தேன். “என் பொண்ணு மேல சத்தியம் சார்” என்று சொன்னேன். டைம் ஆபீஸ்காரர் இரண்டு அட்டைகளையும் மேஜையில் எடுத்து வைத்தார். யூனியன்காரர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு அவர்கள் எனக்காகப் பேசுவார்கள்?

எங்கள் வரிசையில் பாதிப் பேர் அதே தொழிற்சாலை. நான் வீடு வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி அடுத்த வாரமே காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பனிக்கட்டியிலேயே நாளெல்லாம் கிடந்த விரல்கள் வெளுத்து, நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையால் தட்டைப் பிடிக்க முடியாமல் மடியில் வைத்துச் சாப்பிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டு வேலை என் தலையில் விழுந்தது. தெருக்குழாயில் பெண்களுக்கு நடுவில் குடத்தோடு நிற்பேன். நான் போனதும் பேச்சு நின்றுவிடும். ஒரு அம்மா, “நீ முன்னால புட்ச்சிக்கோப்பா, உனுக்கு வூட்ல ஜோலி கீது” என்று வழி விட்டாள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் பிடித்துவிட்டுப் போன பிறகே குழாய்க்குப் போனேன்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற ஆள் பகலெல்லாம் படுத்திருப்பார். நான் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியக் கூடாது என்று பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பேன். அப்படியே என் குரலும் தாழ்ந்துபோயிற்று. இயந்திரச் சத்தம் இல்லாததால் தலைக்குள் இருந்த இரைச்சலும் மெல்ல அடங்கியது. இரண்டு மாதத்தில் நான் அடிக்குரலில் பேசுகிற ஆளாகிவிட்டேன்.

ஒரு நாள் மதியம். மகள் பள்ளியிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். கதவை ஒட்டி உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்பீஸால் தரையில் படகு வரைந்துகொண்டிருந்தாள். நான் கஞ்சி வடித்துவிட்டு, “பாப்பா, சாப்ட வா” என்றேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. வேலை போன அப்பனுக்கு இவள்கூட மரியாதை தரவில்லை என்றுதான் எனக்கு முதலில் பட்டது. கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் போய், என்ன தோன்றியதோ, ஓங்கிய கையோடு அப்படியே நின்று, சாதாரணக் குரலில், “பாப்பா, கமர்கட் வேணுமா?” என்றேன்.

அவள் படகுக்குப் பாய்மரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கமர்கட் என்றால் தூக்கத்திலும் எழுந்து வருகிற பிள்ளை அவள். நான் சுற்றிவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். அதே குரலில் அதையே சொன்னேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்து, “வேணும் நைனா” என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய இடது உள்ளங்கை கதவில் ஒட்டியிருந்தது. எதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

“ஆளு வந்தா கதவு ஆடும் நைனா. தெரிஞ்சிடும்.”

எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள் என்ற நினைப்பில் சொன்னாள்.

சோறு ஆறிப்போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் ஒரு குரலுக்கு அவள் ஓடி வந்தது எல்லாம் என் குரல் மட்டும் அவளுக்கு எட்டியதால்தான். பயம் என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டது அதைத்தான். அம்மா என்ன சொன்னாள் என்று அவள் அன்று கேட்டது கேள்வி. உண்மையிலேயே தெரியாமல் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் கன்னத்தில் அறைந்திருக்கிறேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னேன். அவள் நம்பவில்லை. “போய்யா, நல்லாத்தானே பேசிகினு கீறா” என்றாள். மகளுக்குப் பின்னால் போய் நின்று நாலு தடவை கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தானேய்யா தெனமும் உன்னாண்ட கோள் சொன்னேன். நான் சொல்லித்தானே நீ அட்ச்ச.”

“அட்ச்ச கை என்துதானே” என்றேன்.

மறுநாள் காலை மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காது பார்க்கும் இடத்தில் நீளமான வரிசை. எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. வயதான ஒரு டாக்டர் அம்மா. மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று, கிசுகிசுத்த குரலில் ஏதோ சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மகள் பேசாமல் இருந்தாள். ரொம்பப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் அது என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து, “காதுல சீழ் வருமா?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா.”

டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மகள், “வரும். தலாணி நனையும். அம்மா துணி சுத்தித் தொடைக்கும்” என்றாள்.

“எத்தனை நாளா?”

எனக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன்.

“நீங்க அப்பாதானே?” என்றார் டாக்டர். அவர் குத்திக் காட்டவில்லை. சீட்டில் எழுதுவதற்காகக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு காதிலும் சவ்வு ஓட்டை. ரொம்ப நாளாகச் சீழ் பிடித்திருக்கிறது. சத்தமாகச் சொன்னால் கேட்கும், மற்றது கேட்காது. இன்னும் விட்டிருந்தால் உள்ளே எலும்பு வரை போயிருக்கும் என்றார். வாராவாரம் வந்து சுத்தம் செய்ய வேண்டும், சொட்டு மருந்து விட வேண்டும், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பஞ்சு வைக்க வேண்டும்.

அந்த வருடம் முழுக்கப் போனோம். ஒரு தடவை போனால் ஒரு பகல் சரியாகப் போய்விடும். பிரஸ் ஷாப்பில் இருந்திருந்தால் நான் ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டேன். இது பொம்பளை ஜோலி, நீ பார்த்துக்கொள் என்று மனைவியிடம் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கும் போய்ச் சொன்னேன். மகளை மந்தம் என்று கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரி சிறு வயதுக்காரர். கண்கலங்கி, “நாங்களாவது கவனிச்சிருக்கணும்” என்றார். அன்றே முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார். அரைப் பரீட்சைக்குள் அவள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாள்.

ஆஸ்பத்திரி வரிசைகளில் காத்திருந்த நேரத்தில்தான் எனக்கு என் மகள் பழக்கமானாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெல்லப் பேசக் கற்றுக்கொண்டேன். அவளுக்குக் கருவாட்டு வாசனை பிடிக்காது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கொடிகளை எல்லாம் நிறம் மாறாமல் வரைவாள். சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எதையும் சொல்வாள். ஷிப்டுக்குப் போய்வந்த காலத்தில் இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வலது காதின் சவ்வு தானாகவே மூடிக்கொண்டது. இடது காதுக்குக் கொஞ்சம் பெரியவளானதும் ஆபரேஷன் செய்தார்கள். சீழ் நின்றது, கேட்பது முழுதாக வரவில்லை. எனக்கு வேலை போய் ஒன்றரை வருடம் கழித்து, துறைமுகத்தில் வேலை செய்த மச்சான் சொல்லி, ஒரு மரக்கிடங்கில் ஸ்டோர் பார்க்கும் வேலை கிடைத்தது. மனைவி அதற்குப் பிறகும் இறால் ஷெட்டை விடவில்லை. தெருவில் யாராவது பழைய கதையை எடுத்தால், “மாதாதான் வேலையப் புடுங்கிப் புள்ளயக் காட்டிக் குட்த்தா” என்று சொல்லுவாள். கேட்கிறவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மாதாவுக்கும் அந்த அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவளும் அதைத்தான் சொல்கிறாள். விருந்தாளிகள் வந்தால், “எங்க நைனாவுக்கு வேலை போனதாலதான் எனக்குக் காது கெடச்சுது. டாக்டருக்கு முன்னாடி அவருதான் கண்டுபுட்ச்சாரு” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல தகப்பன் என்று அவர்கள் முகத்தில் இருக்கும். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விடுவேன். ஸ்கேலால் அடித்தது அவளுக்கு ஞாபகம் இல்லையா, ஞாபகம் இருந்தும் விட்டுவிடுகிறாளா, எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு தடவை கேட்கத் துணிந்தேன். அவள் வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடது பக்கத்தில் நின்றிருந்தேன். “அன்னிக்கு உன்ன அட்ச்சேனே, அந்த லாரி விசயத்துல...” என்று ஆரம்பித்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் நிற்பது தெரிந்து, குழாயை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“இன்னா நைனா? இன்னா சொன்னீங்க?”

காபி இருக்கிறதா என்று கேட்டேன்.