சாவி தனித் தபாலில் போனது

மேட்டுப்பட்டி சிலுவைமுத்துவைப் பொறுத்தவரை சாக்கு எடைக் கணக்கில் சேராது. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் எடை போட்டவர். மூட்டையைத் தராசில் ஏற்றுவார், சாக்குக்கும் மண்ணுக்கும் இரண்டு கிலோ கழிப்பார், மீதியைக் கத்திச் சொல்வார். விவசாயி முறைத்தால் வேறு பக்கம் பார்ப்பார்.

2007இல் அந்த வேலையை விட்டார். இடிக்கிற வீடுகளில் நாற்பது பழைய பித்தளைப் பூட்டுகளை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். இன்டர்நெட்டில் விற்கப்போகிறாராம். பணம், மனைவி ஜோஸ்பினின் சீட்டுப் பணம். கேட்டுவிட்டு எடுக்கவில்லை.

“முதல்ல வாங்குறவரு நல்லவிதமா எழுதுனாத்தான் அடுத்தாளு வாங்குமாம்ல? எழுதலைன்னா பழையபடி பேட்டைக்கே போயிருங்க. கட்டிலுக்கு அடியில பூட்டு, மேல நீங்க. ரெண்டையும் நகட்டிப் பெருக்க என்னால முடியாது” என்றார் ஜோஸ்பின்.

முதல் பூட்டை நாக்பூர் வாத்தியார் ஒருவர் வாங்கினார். பூட்டு, இரண்டு பெரிய சாவி, மரப்பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு நூறு கிராம் கூடுதல். சிலுவைமுத்து பழக்கப்படி பெட்டிக்குக் கழித்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோவுக்கு மட்டும் தபால் செலவு வாங்கியிருந்தார்.

தபால் ஆபீஸில் நசீம் பானு எடை போட்டார்.

“அண்ணே, இன்னும் பதினாறு ரூவா குடுங்க.”

“பெட்டிக்குக் கழிச்சியாம்மா?”

“எதுக்குக் கழிக்கணும்? பெட்டி மட்டும் நாக்பூருக்கு நடந்தா போகுது?”

“மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறது வழக்கம்மா.”

“அது உங்க பேட்டையில.”

வரிசையில் நின்ற பெரியவர் கத்தினார். “ஏப்பா, நான் உசுரோட இருக்கயிலயே பென்ஷன வாங்கணும்!”

பதினாறு ரூபாய் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை. ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து சாவிகளை எடுத்துவிட்டார். எடை ஒன்றரைக்குள் அடங்கியது, பார்சல் போனது. சாவிகளைக் கவரில் போட்டு, ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டி, வெளியே இருந்த தபால்பெட்டியில் போட்டார். ஐந்து ரூபாய் என்பது ஒரு தாள் கடிதத்துக்கு. சாவிகளோ நூற்றைம்பது கிராம். நசீம் பானுவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எடை போடுவாரே!

பத்து நாளில் வாத்தியார் எழுதினார். பிரவுசிங் சென்டர் ஆண்டனிராஜ் அதைத் தமிழில் சொன்னார்: “பூட்டு வந்தது. நாலு நாள் பூட்டியே கிடந்தது. அப்புறம் தபால்காரர் சாவியோடு வந்து, கட்டணத்தில் குறைந்த முப்பத்தைந்து ரூபாய்க்கு இரண்டு மடங்காக எழுபது ரூபாய் வாங்கினார். என்ன மதிப்பெண் போட? நீங்களே சொல்லுங்கள்.”

“தபால்காரங்க தப்புன்னு எழுதிருவோம்” என்றார் சிலுவைமுத்து.

“தலைய நக்கி ஒட்டுனது யாரு? போஸ்ட்மாஸ்டரா?” என்றார் ஜோஸ்பின். “தம்பி, உள்ளத எழுதுப்பா.”

மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், தப்பு என்னுடையது என்று எழுதினார்கள். வாத்தியார் கட்டிய எழுபது ரூபாய்க்கு ஈடாகத் தபால்தலைகள் வாங்கிக் கவரில் வைத்தார்கள். அந்தக் கவரை ஜோஸ்பினே கொண்டுபோய் எடை போட்டு அனுப்பினார்.

வாத்தியார் ஐந்துக்கு மூன்று போட்டார். “நல்ல பூட்டு. விற்பவர் உண்மை சொல்கிறார், கொஞ்சம் தாமதமாக.”

அந்த மாதம் இன்னும் இரண்டு பூட்டுகள் விற்றன. வாங்கிய இருவருமே, சாவி அதே பெட்டியில் வருமா என்று கேட்ட பிறகுதான் பணம் கட்டினார்கள். ஜோஸ்பின் அதன்பின் பேட்டைப் பேச்சை எடுக்கவில்லை.