சுந்தரபாய் எழுதிய முப்பத்திரண்டு குறிப்புகள்

காற்றிலிருந்து இத்தனை லட்சம் டன் கரியமில வாயுவை எடுத்தாகிவிட்டது, உலகம் முன்னேறிக்கொண்டிருக்கிறது என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ யாரோ ஒழுங்காகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டுத்தொகையில் கொஞ்சம் எங்கள் பக்கத்துக் கரிசலிலிருந்து போனது. அது போன லட்சணம் எனக்குத் தெரியும். சுந்தரபாய் சொல்லித் தெரியும்.

சங்கரன்கோவிலில் நான் வேதியியல் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவள் பதினாறு வருடம் லேப் உதவியாளர். ஒரு பிராக்டிகல் பரீட்சையில், நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தி பதற்றத்தில் சொதப்பிவிட்டாள். சுந்தரபாயிடம் அந்த அளவைக் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னேன். "குழாயில இருபத்தி நாலு புள்ளி மூணுதான் சார் தெரியுது" என்று சொல்லிவிட்டு, பீக்கர் கழுவப் போய்விட்டாள். எனக்கு எரிச்சல். அவள் சொன்னதுதான் சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

அப்புறம் நிர்வாகம் அந்த வேலையையே எடுத்துவிட்டது. புருஷன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார். மகள் ஜெனிபா பாளையங்கோட்டையில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி, சோதனைக்கு மண் மாதிரி எடுக்க ஆள் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. சுந்தரபாய் அதில் சேர்ந்தாள்.

கம்பெனியின் வேலை இதுதான். கல்லை மாவு போல அரைத்து வயலில் தூவுவார்கள். மழைத்தண்ணீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு விழும். அது கல்தூளோடு சேர்ந்தால் தூள் கரையும், வாயு உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும், திரும்பக் காற்றுக்கு வராது. வேதியியலில் பிழையில்லை, நானே பாடம் நடத்தியிருக்கிறேன். வருடத்துக்கொரு முறை மேல்மண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். கல்தூளிலுள்ள கால்சியம், மக்னீசியம் போன்ற சத்து எந்த மண்ணிலும் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும், தூவினால் கூடும். கல்தூளின் சத்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவு கரைந்தது என்று பொருள். கரைந்ததற்கு ஏற்ப இத்தனை டன் வாயு ஒழிந்தது என்று எங்கோ ஒரு நாட்டில் புகை கக்குகிற கம்பெனிக்குச் சான்றிதழ் விற்பார்கள்.

திருவேங்கடம் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பத்திரண்டு மானாவாரி நிலங்களைப் பிடித்தார்கள். முப்பத்தொன்றில் தூள் தூவினார்கள். ஒன்றில் மட்டும் தூவவில்லை. தூவாத நிலத்தில் மண் எப்படி மாறுகிறது என்று தெரிந்தால்தானே, தூவிய நிலத்தில் நடந்தது தூளால்தானா என்று சொல்ல முடியும்? அந்த ஒன்று மாடத்தியின் நாலு ஏக்கர்.

மாடத்திக்கு அறுபதை நெருங்கும் வயது. தனி ஆளாக உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைப்பவள். அவளுக்கு இது அவமானமாகப் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் போடுதீங்க, என்னைய மட்டும் எதுக்கு விட்டுட்டீங்க டீச்சர்? நான் என்ன குறைஞ்சவளா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் சுந்தரபாய் அந்த ஊருக்கு டீச்சர்.

"குறைஞ்சவ இல்லக்கா. மத்த முப்பத்தொண்ணையும் உங்க நிலத்த வச்சுத்தான் பாக்கப் போறாங்க. தராசுல படிக்கல்லு மாதிரி. மூணு வருசத்துக்கு வெளிமண்ணு, சாம்பலு எதையும் உள்ள விட்டுராதீங்க. வீணாப் போவாது, நான் பொறுப்பு."

அந்த 'நான் பொறுப்பு' என்ற வார்த்தையை நம்பித்தான் மாடத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளிமண் கூடாது என்பது முப்பத்திரண்டு பேரின் ஒப்பந்தத்திலும் உண்டு. மற்றவர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை, கம்பெனிக்காரர்களும் படித்துச் சொல்லவில்லை.

இரண்டாவது கோடையில் குளம் வற்றியது. தாசில்தார் ஆபீசில் கரம்பை அள்ள அனுமதி கொடுத்தார்கள். குளத்துக்குள் படிந்த வண்டலைக் கரம்பை என்போம். அதை அள்ளி வயலில் கொட்டிப் பரப்புவது எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்டுச் செய்கிற காரியமில்லை. கிடைத்தால் அடித்துவிட வேண்டியதுதான். முப்பத்தொரு பேரும் அடித்தார்கள். டிராக்டர்கள் மாடத்தியின் வரப்பை ஒட்டியே போயின.

பக்கத்து நிலத்துக்காரன் மூக்காண்டி அவளுக்குக் கொழுந்தன் முறை. "என்ன மதினி, நிலத்த சாமிக்கு நேர்ந்து விட்டாச்சா?" என்று டிராக்டரில் இருந்தபடி கேட்டுவிட்டுப் போனான். மாடத்தி சுந்தரபாய்க்குப் போன் போட்டாள். "நீங்களாவது பொறுங்கக்கா, நீங்களும் போட்டா மொத்தமும் பாழு" என்றாள் இவள். மாடத்தி பொறுத்தாள். அந்த வருடம் சுற்றிலும் சோளம் ஆளுயரம் நின்றது, அவளுடையது இடுப்புக்கு நின்றது.

அந்த வருடச் சோதனையில் முப்பத்தொரு நிலத்திலும் கல்தூளின் சத்து பாதியாகக் குறைந்திருந்தது. மாடத்தியின் நிலத்தில் மாற்றமே இல்லை. கம்பெனியில் ஒரே கொண்டாட்டம். குறையாமல் என்ன செய்யும்? மேலே அந்தச் சத்து குறைந்த வண்டலை அரையடிக்குக் கொட்டினால், மேல்மண்ணில் தூள் எப்படித் தெரியும்? மூடிக்கிடந்ததையெல்லாம் கரைந்ததாக எழுதிக்கொண்டார்கள். சுந்தரபாய் ஒவ்வொரு மாதிரிக்கும் நேராக, குறிப்புப் பகுதியில், 'கரம்பை அடித்திருக்கிறது' என்று எழுதித்தான் அனுப்பினாள். ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது கோடையில் மாடத்தி பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் நாலு ஏக்கருக்கும் கரம்பை அடித்துவிட்டாள். சுந்தரபாய் போய் வயலில் நின்றபோது, "திட்டணும்னா திட்டிருங்க டீச்சர். இன்னொரு வருசம் என்னால முடியாது" என்றாள். சுந்தரபாய் திட்டவில்லை. மண்ணை எடுத்தாள், வழக்கமான குறிப்பை எழுதினாள், அனுப்பினாள்.

சோதனை முடிவு வந்த அன்று மத்தியானம் என்னிடம் ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"சார், மாடத்தியக்கா நிலத்துலயும் மண்ணுல இயல்பா இருந்த சத்து அதே அளவுக்குக் குறைஞ்சிருக்கு. அங்கதான் தூளே போடலியே! அப்ப குறைச்சது கரம்பைதான? இனிமே ஒருத்தரும் மறுக்க முடியாதுல்லா?"

"முடியாது" என்றேன். வேதியியல் தெரிந்த எவனாலும் மறுக்க முடியாது என்று நம்பித்தான் சொன்னேன். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இருக்கக் கூடாத அசட்டுத்தனம்.

மேற்பார்வையாளர் ரிஸ்வான் அகமது கடையநல்லூர்ப் பையன், எம்.எஸ்சி. படித்தவன். கெட்டவன் இல்லை. அவளுடைய குறிப்புகளையெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அவனே எடுத்து அனுப்பினான். பத்து நாளில் பதில் வந்தது. முப்பத்தொரு நிலத்தின் குறிப்புகளும் அறிக்கையில் இல்லை. ஒரே ஒரு குறிப்பு அப்படியே இருந்தது. மாடத்தியின் நிலத்துக்கு எழுதியது. ஒப்பந்தத்தை மீறி வெளிமண் சேர்த்ததால் அந்த நிலத்தின் அளவுகள் செல்லாது, நிலம் திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. ஆதாரம், மண் மாதிரி எடுப்பவரின் குறிப்பு.

"மத்த முப்பத்தொண்ணும் எங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறாள்.

"அத வச்சா மொத்த புராஜெக்டும் விழுந்துரும்க்கா. விழுந்தா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்க. உங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல. எனக்கு மட்டும் பிடிச்சா செய்யுதேன்?" என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டியிருக்கிறான். நீக்கல் கடிதத்தில் மாடத்தி கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்து சுந்தரபாயுடையது.

மறுநாள் பஸ் பிடித்துப் போனாள். மாடத்தி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன போட்டிருக்குன்னு வாசிங்க டீச்சர்" என்றாள். சுந்தரபாய்க்கு ஒரு காகிதத்தைக் கூட்டிக் குறைத்து வாசிக்க வராது. விவசாயியின் தவறு என்ற வரி உட்பட எழுத்துக்கு எழுத்து வாசித்தாள்.

மாடத்தி புடைத்த கை புடைத்தபடி இருந்தாள். "அப்ப ஊருக்குள்ள பொய் சொன்னது என் நிலந்தானா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. உங்க நிலம் மட்டுந்தான் உண்மையச் சொல்லிச்சு."

"அது எந்த வரில இருக்கு?"

மாடத்தி சுளகைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை இவளிடம் கொடுத்தாள். "நீங்களும் போடுங்க. பொறுப்புன்னு சொன்னீங்கள்லா?"

போட்டாள். மகளின் படிப்புக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். அது தெரிந்தும் அவள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, அவளுக்கும் ஆறவில்லை. மூன்று வருடமாக எத்தனையோ தடவை போய் வந்த வீடு. அன்று அவள் எழுந்து செருப்பைப் போட்டபோது, "போயிட்டு வாங்க டீச்சர்" என்று மாடத்தி சொல்லவில்லை. சுளகை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்திருந்தாள்.